சட்டைக் கை

பரிசு சுற்றும் தாள், ஒரு சுருள்
பதினெட்டு ஸ்வாட்டி.
அந்தக் காசுக்கு இரண்டு கிலோ மாவும்
ஒரு டப்பா கசகசாவும் வரும்.
கடைக்காரப் பெண்ணிடமே திருப்பி நீட்டினேன்.
"ஏன், அழகா இல்லையா?"
அழகுதான்.
கிழிக்கும்வரை அழகு.

வூச் நகரத்து டிசம்பரில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
சமையலறை விளக்கைப் போட்டு
உட்கார்ந்தோம் நானும் யாக்னாவும்,
நடுவில் ஒரு கத்தரிக்கோல்.

சிப்ஸ் பைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி
உள்பக்கம் வெளியே வரத் திருப்பினால்
வெள்ளி.
மூலையில் மட்டும் கொஞ்சம் வெங்காய வாசனை.
"இது மாமாவுக்கு. அவருக்கு எப்பவும் ஜலதோஷம்"
என்றாள்.

உருளைக்கிழங்கை இரண்டாக்கி
நட்சத்திரம் செதுக்கினாள்.
ஐந்து முனை கேட்டேன், ஆறு வந்தது.
சூப்புக்கு வேகவைத்த பீட்ரூட் சாற்றில் தோய்த்து
ரொட்டிக்கடைப் பழுப்புப் பைகளின் மேல்
குத்திக்கொண்டே போனாள்.
வானம் ஒன்று ஈரமாகக் காய்ந்தது
ரேடியேட்டர் மேல்.

நூலுக்கு, முழங்கை போன என் பச்சை ஸ்வெட்டர்.
இழுக்க இழுக்க வந்தது.
எத்தனை குளிர்காலம் அதற்குள் இருந்திருக்கிறேன்,
ஒரே இழை.

சந்தையில் மரம் விற்பவன்
அடிக்கிளைகளை வெட்டிக் காலடியில் தள்ளுவான்.
"எடுத்துக்கலாமா?"
"துடைப்பத்துக்கு நான் காசு வாங்குவதில்லை."
ஒவ்வொரு முடிச்சிலும்
ஒரு துண்டு துடைப்பம் செருகினோம்.

மூன்றாம் மாடி ஸெனோபியாவுக்கு
செர்ரி மது ஒரு புட்டி.
புட்டியைத் தாளில் சுற்றியவர்களுக்குத் தெரியும்
அது எப்படி முரண்டுபிடிக்கும் என்று.
அலமாரியின் கடைசி ஹேங்கரில்
வித்தோல்ட் விட்டுப்போன நீலச் சட்டை,
இரண்டு வருஷமாக.
தோளோடு வெட்டினேன் இடது கையை.
உள்ளே புட்டி சரியாக நின்றது.
கழுத்தில் மணிக்கட்டுப் பட்டை,
பொத்தானும் போட்டாயிற்று.
யாக்னா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை
கத்தரிக்கோல் எவ்வளவு சுலபமாகப் போனதென்று.

இருபத்து நாலாம் தேதி.
முதல் நட்சத்திரம் தெரிந்தால் சாப்பிடலாம்.
மேகம். தெருவிளக்கையே நட்சத்திரமாக ஒத்துக்கொண்டோம்.
பன்னிரண்டு வகை வேண்டும் மேசையில்,
உப்பையும் கடுகையும் சேர்த்து எண்ணினால் பத்து.
எதிர்பாராத விருந்தாளிக்கு
வழக்கப்படி ஒரு காலித் தட்டு.
அது காலியாகவே இருக்கும்
என்ற தைரியத்தில்தான் எல்லாரும் வைக்கிறோம்.

மணி அடித்தது.
வித்தோல்ட்.
தொப்பியில் பனி, கையில் ஒன்றுமில்லை.
"டிராமில் இந்தப் பக்கம் வந்தேன்" என்றான்.
டிராம் தண்டவாளம்
இந்தப் பக்கம் வருவதே இல்லை.

உட்கார்ந்தான். சூப்பு குடித்தான்.
சாளரத்தடியில் வரிசையாக நின்ற பரிசுகளில்
ஓரிடத்தில் கண் நின்றது.
"அது என் சட்டை."
"இருந்தது."
ஸெனோபியா தன் புட்டியை
மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.
யாக்னாதான் முதலில் சிரித்தாள்.
பிறகு எழுந்து உள்ளே போனாள்.
கத்தரி ஓடும் சத்தம்.
பாத்திரத்தில் எதுவோ உருளும் சத்தம்.

வலது கையோடு வந்தாள்.
உள்ளே வால்நட், தோள்வரை திணித்து,
இரண்டு முனையிலும் பச்சை நூல் முடிச்சு,
மேலே ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று
இன்னும் காயாமல்.
அவன் அதை வாங்கி
மாவு சோதிப்பதுபோல் அழுத்திப் பார்த்தான்.
பிரிக்கவில்லை.
உள்ளங்கையில் பீட்ரூட் ஒட்டியிருந்தது.

பத்து மணிக்குக் கிளம்பினான்.
சாளரத்திலிருந்து பார்த்தேன்,
கோட்டுக் கை இரண்டுக்கும் நடுவே
மூன்றாவதாக ஒரு கை தொங்க
பனியில் நடந்துபோனான்,
இல்லாத டிராமுக்கு.

சட்டையின் உடல் இன்னும் என்னிடம்.
முதுகு அகலம்.
அடுத்த வருஷம்
பெரிதாக ஏதாவது சுற்றலாம்.